மேஸ்திரி தட்டிய பதினான்கு தடவை

ஒருவர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று கண்டறிந்து உதவக் கற்றுத்தரும் நடத்தை ஆதரவுப் பயிற்சியில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவர் நம் நோட்டம்மா. எதைக் கண்டாலும் நோட்டில் எழுதுவதால் வகுப்பில் வைத்த பெயர் அது. இந்த மூன்றாவது முறையும் தவறினால், மாற்றுத்திறனாளிகள் பகல்நேர மையத்தில் அவர் பார்க்கிற வேலையும் போய்விடும். காலையில் கிளம்பும்போதே நாத்தனார் வழிமறித்து, "அண்ணி, போன தடவை மாதிரி பக்கம் பக்கமா எழுதித் தள்ளாதீங்க. எதிர்ல இருக்கற மனுஷனையும் கொஞ்சம் பாருங்க" என்றாள். நோட்டம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

செய்முறைத் தேர்வு, அந்தப் பகல்நேர மையத்தின் சின்ன அறையில் நடந்தது. பின்னால் தேர்வாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். எதிரே, மையத்துக்குத் தினமும் வருகிற மேஸ்திரி. வயது நாற்பது, பேச்சு வராது, ஒற்றை விரலை நீட்டியே மையத்தை ஆட்டிவைப்பதால் அந்தப் பெயர். படங்கள் ஒட்டிய மெல்லிய அட்டைப் புத்தகம் ஒன்று வைத்திருப்பார். வேண்டிய படத்தைத் தொட்டுக் காட்டுவதுதான் அவர் பேச்சு. அன்று அது காலி நாற்காலியில் கிடந்தது. முதுகுவலிக்காரியான நோட்டம்மா, பதற்றத்தில் தான் கொண்டுவந்த மெத்தையை அதன் மேலேயே போட்டு, சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரி மேசையை ஒரு தட்டு தட்டினார்.

நோட்டம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பாடத்தில் படித்தது அப்படியே நடக்கிறதே! நம் கவனத்தை இழுக்கச் செய்கிற சேட்டையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் தானாக அடங்கும். சுவரைப் பார்த்தபடியே தேர்வுக்குக் கொடுத்த தாளில் ஒரு கோடு போட்டார். மறுபடி ஒரு தட்டு, இன்னொரு கோடு. மேஸ்திரி பரிதாபமாக அவருடைய நாற்காலியைச் சுட்டிக் காட்டினார். அதற்குத் தனிக் கட்டத்தில் ஒரு கோடு. பதினான்காவது தட்டில் மேசையே ஆடியது. 'ஏன் செய்கிறார்' என்ற கட்டத்தில் 'கவனம் ஈர்க்க' என்று முத்துமுத்தாக எழுதி, அடிக்கோடும் போட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தேர்வாளருக்கு போன் வந்தது. அவர் வெளியே போனதுதான் தாமதம், மேஸ்திரி எட்டி மெத்தையின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. நோட்டம்மா அலறி எழுந்தார். புத்தகம் கீழே விழுந்தது. மேஸ்திரி அதை எடுத்து நிதானமாகப் புரட்டி ஒரு படத்தைத் தொட்டார். தண்ணீர்.

நோட்டம்மா ஓடிப்போய்க் கொண்டுவந்த டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, கையும் களவுமாகப் பிடித்தவர் போல மேஸ்திரி சிரித்தார்.

தேர்வாளர் இதில் எதையும் பார்க்கவில்லை. மேஸ்திரி வாய்திறந்து சொல்லப்போவதும் இல்லை. தாளை அப்படியே நீட்டினால் முழு மதிப்பெண். நினைத்த மறுகணமே நோட்டம்மாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சிருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். 'தாகம். பதினான்கு முறை கேட்டார். நான் அவருடைய பேச்சின் மேல் உட்கார்ந்திருந்தேன்.'

திரும்பி வந்த தேர்வாளர் அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"பதினாலு தடவையுமா?"

"ஆமா மேடம்."

"மார்க் நான் போடுவேன். ஆனா பாஸா இல்லையான்னு கடைசியா சொல்றது அவர்தான். அதான் இங்க வழக்கம்." மேஸ்திரி பக்கம் திரும்பினார். "இவங்க உங்ககூட வேலை பாக்கலாமா?"

மேஸ்திரியின் விரல் 'வேண்டாம்' படத்தின் மேல் வட்டமடித்தது. நோட்டம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தது போதாதென்று இன்னொரு வட்டம். நோட்டம்மாவுக்குப் பாதி உயிர் போனது. கடைசியில் விரல் நகர்ந்து 'வேண்டும்' மேல் உட்கார்ந்தது.

அப்பாடா என்று நோட்டம்மா நாற்காலியில் உட்காரப் போனார். விரல் பாய்ந்து அடுத்த படத்தைத் தட்டியது. நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிற ஆளின் படம்.

நோட்டம்மா நின்றுகொண்டே பாஸானார்.