மேவிஸின் கல்யாணக் காலுறை

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில், பெண்கள் படையில் சேர்ந்து ஒரு விமானத் தளத்தில் நான் லாரி ஓட்டினேன். குண்டு போடக் கிளம்பும் ஏழு பேரை விமானம்வரை கொண்டுபோய் விடுவது என் வேலை. அவர்களில் வில்ஃப் தாக்ரே என்பவன் வால்பக்கக் கூண்டில் துப்பாக்கியோடு உட்காருகிறவன். அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும். திரும்பி வந்தால் ஆளுக்கொரு பொரித்த முட்டை உண்டு. "நீ வரலேன்னா உன் முட்டை எனக்குத்தான்" என்று யாரிடமாவது சொல்லாமல் அவன் வண்டியை விட்டு இறங்கியதில்லை. சரியான வாயாடி. எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

பிப்ரவரியில் அவர்கள் விமானம் எரிந்து வடகடலில் விழுந்தது. பின்னால் வந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

இறந்தவனின் சாமான்களை வீட்டுக்கு அனுப்புமுன் சார்ஜென்ட் ஹாப்டே அலசிப் பார்ப்பார். வேறொரு பெண்ணின் படம், கடிதம் என்று மனைவியைப் புண்படுத்தும் எதுவும் போய்விடக் கூடாது. நல்ல மனுஷன்தான், கல்யாணம் ஆகாதவர்.

மார்ச் மாதம் வில்ஃபின் மனைவி மேவிஸ் லீட்ஸிலிருந்து வந்து, வாசல் காவலரிடம் மல்லுக்கு நின்றாள். நான்தான் அவளை ஹாப்டேயிடம் கூட்டிப்போனேன்.

"பெட்டி வந்துச்சு. கிழிஞ்ச பனியன்கூட இருக்கு, என் பட்டுக் காலுறை இல்ல. கல்யாணத்துக்குப் போட்டது. குளிருதுன்னானேன்னு, கழுத்துல சுத்திக்கச் சொல்லி ஜோடியாக் குடுத்தேன். அதை எந்தச் சிறுக்கிக்குக் குடுத்தான்னு சொல்லிடுங்க. அவனுக்காக அழறதா, அவனைத் திட்டறதான்னு தெரியாம உக்காந்திருக்கேன்."

ஹாப்டேயின் காது சிவந்துவிட்டது. அலமாரியைத் திறந்து ஒரு காலுறையை எடுத்தார். குதிகாலில் நீல நூலால் தைத்திருந்தது.

"பட்டு கிடைக்காத காலத்துல எந்தப் பொண்டாட்டி புருஷனுக்குக் குடுப்பான்னு நெனச்சேன். உங்களுக்கு வேதனையா இருக்குமேன்னு நான்தான் எடுத்துவச்சேன்மா."

தன் தையலைத் தடவிப் பார்த்த மேவிஸின் முகம் மறுபடி கறுத்தது. "ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு யார்கிட்ட?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவர் கழுத்துல இருந்துச்சு," என்றேன். "கடைசியா கிளம்பின அன்னிக்கு என் வண்டியில எல்லாரும் கேலி பண்ணினாங்க, 'உன் பொண்டாட்டிக்கு ஒத்தைக் கால்தானாடா'ன்னு. 'ரெண்டையும் தொலைச்சா என் மேவிஸ் என்னைக் கொன்னுடுவா, ஒண்ணாவது பெட்டியில பத்திரமா இருக்கட்டும்'னாரு."

மேவிஸ் காலுறையை முகத்தில் அழுத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஹாப்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து அந்தப் பட்டிலேயே மூக்கைத் துடைத்துவிட்டு, "கொன்னுதான் போட்டிருப்பேன்," என்றாள்.