வயிற்றுப் பிள்ளைக்குச் சீர்

சத்யாவின் வயிற்றிலிருந்த பிள்ளைக்கு ரத்தம் குறைந்துகொண்டே போவது ஸ்கேனில் தெரிந்தது. அவள் ரத்தம் நெகட்டிவ், பிள்ளையின் ரத்தம் பாசிட்டிவ். அவள் உடம்பே பிள்ளையின் ரத்தத்தை அழிக்கிறதாம். இதற்கு முந்தின பிள்ளையை ஏழாம் மாதத்தில் இப்படித்தான் பறிகொடுத்தாள். இந்தப் பிள்ளைக்கு வயிற்றுக்குள்ளேயே, தொப்புள்கொடியில் ஊசி போட்டு ரத்தம் ஏற்றிவிடலாம் என்றார், புதுக்கோட்டைக்கு வந்துபோகும் திருச்சி டாக்டர்.

அவள் புருஷன் வசந்தகுமார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். திருமயத்திலிருந்த மச்சானுக்குப் போன் போட்டு, "புள்ளைக்கு ரத்தம் வேணுமாம் மச்சான்" என்று சொல்லித் தொலைத்தான்.

பிள்ளைக்கு முதன்முதலில் எது வந்தாலும் அது தாய்மாமன் சீராகத்தான் வரவேண்டும் என்பது சத்யாவின் அண்ணன் அய்யாக்கண்ணுவின் கட்சி. அவளை மேசையில் படுக்க வைத்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் கொட்டுச் சத்தம் கேட்டது. வாழைத்தாரும் தாம்பாளங்களுமாக ஒரு வேன் ஜனம். முன்னால், கழுத்தில் மாலையும் சுருட்டிவிட்ட சட்டைக் கையுமாக அய்யாக்கண்ணு.

"எங்க குத்தணும்? குத்துங்க டாக்டர்!"

நாத்தனார் சுகுணா விடுவாளா? "எங்க வீட்டுப் புள்ளைக்கு எங்க ரத்தம் இருக்கு. அங்கிட்டுத் தள்ளுங்க" என்று அவளும் கையை நீட்டினாள்.

"ரெண்டு பேரும் என்ன குரூப்பு?"

"பாசிட்டிவ்!" என்றார்கள் இருவரும் பெருமையாக.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அதை ஏத்துனா அவங்க உடம்பு அதையும் சேத்து அழிச்சிரும். நெகட்டிவ் ரத்தம் பேங்க்லேருந்து வந்தாச்சுங்க."

"யாரு குடுத்தது?"

"பேரெல்லாம் சொல்லக் கூடாது."

"ஊரு பேரு தெரியாதவன் மொதச் சீரு செய்வான், நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" ரத்தப் பையை உள்ளே கொண்டுபோக விடாமல் அய்யாக்கண்ணு கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

காலையிலிருந்து பிள்ளை அசையவே இல்லை. "அண்ணே! புள்ளை இருந்தாத்தாண்ணே நீ மாமன்!" என்று சத்யா படுத்தபடியே கத்தினாள்.

அய்யாக்கண்ணு கதவை விட்டு விலகினார்.

ஊசி இறங்கியது. கொடிக்குள் ரத்தம் மினுமினுத்து ஓடுவதைத் திரையில் பார்த்துச் சத்யா விம்மினாள். "நெஞ்சு நல்லாத் துடிக்குதும்மா" என்றார் டாக்டர். வெளியே அண்ணனின் குரல் கேட்டது.

"பேரு தெரியாட்டி என்ன? அந்த மகராசன் இந்தக் கூட்டத்துலயே இருக்கலாம்ல?"

திறந்த கதவு வழியே பார்த்தாள். வராந்தாவில் காத்திருந்த ஒவ்வொருவருக்கும் வெற்றிலை பாக்கு நீட்டிக் கும்பிட்டுக்கொண்டே போனார் அய்யாக்கண்ணு. பின்னாலேயே பழத்தட்டோடு சுகுணா.

"நான் இதுவரைக்கும் ரத்தமே குடுத்ததில்லீங்களே" என்று ஒருவர் கூசிப் பின்வாங்கினார்.

அய்யாக்கண்ணு அவர் கையைப் பிடித்து வெற்றிலையைத் திணித்தார். "போயிக் குடுங்கண்ணே. நீங்க எந்தப் புள்ளைக்கு மாமனோ!"