பாய் போட்ட தடம்

வாண்டு புது கோல்ஃப் மட்டையால் ஓங்கி அடித்தாள். பந்து பாதி வழியிலேயே சுருண்டு விழுந்தது. ஒரு தட்டு அளவுக்கு மண் மட்டும் பெயர்ந்து பறந்தது. அடுத்த அடியும் அதே லட்சணம்தான்.

வீட்டிலேயே உயரமானவள் அவள்தான், இருந்தும் வாண்டு என்ற பெயர் போகவில்லை. நாளை மறுநாள் அவளுக்குத் தகுதிப் போட்டி. ஜெயித்தால் தொழில்முறை ஆட்டக்காரி. தோற்றால் மட்டைகளைப் பரணில் போட்டுவிட்டு ஏதாவது வேலைக்குப் போவதாக அவளே சொல்லியிருந்தாள், சொன்னால் செய்கிறவள்.

பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, பெயர்ந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். காய்ச்சி அடித்த இரும்புத் தலைகளைச் சாணை பிடித்து, தேர்ந்த ஆட்டக்காரர்களின் கைக்கு ஏற்றபடி கோல்ஃப் மட்டை செய்வதுதான் அவள் தொழில். கணவனின் தங்கைக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்த செட் இது. பழைய செட்டில் பந்து படும் முகத்தில் இருந்த கோடுகளெல்லாம் தேய்ந்துவிட்டன. அதைக் கொண்டு அடித்தால் பந்து விழுந்த இடத்தில் நிற்காது.

ஆளுக்கொரு வியாக்கியானம் சொன்னார்கள். மணிக்கட்டு என்றார் பயிற்சியாளர். தூக்கம் போதவில்லை என்றான் அண்ணன்காரன். அண்ணி பட்டறைக்குப் போய், மாதிரிக்காக அவளிடம் வாங்கி வைத்திருந்த பழைய ஏழாம் நம்பர் மட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பாகத்தின் பின்பாதி பளபளவென்று தேய்ந்திருந்தது. எந்த இடம் தேய்கிறதோ அந்த இடம்தான் தரையில் படுகிறது என்பது சாணைக்காரர்களின் கணக்கு. வாண்டு படுக்கையாக வீசுகிறவள் என்று அந்தத் தடத்தை நம்பித்தான் அடிப்பாகத்தை ஒல்லியாக்கி, முன்விளிம்பைக் கூராக்கியிருந்தாள். ஆனால் சற்று முன் மண்ணில் விழுந்த பள்ளமோ, செங்குத்தாக இறங்கிய அடியைக் காட்டியது.

வீட்டுக்கு வந்ததும் வாண்டுவிடம் பழைய மட்டையை வைத்து எங்கே ஆடினாய் என்று கேட்டாள்.

“வருஷம் பூரா பயிற்சிக்கூடத்துப் பாயிலதான் அண்ணி. மைதானத்தைத்தான் மூடி வச்சிருந்தாங்களே.”

அண்ணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. செயற்கைப் புல் பாயில் எப்படி இறங்கினாலும் மட்டை வழுக்கிக்கொண்டுதான் போகும், பின்பாதிதான் உரசும். அவள் படித்தது வாண்டுவின் வீச்சை அல்ல, பாயின் உரசலை. தடம் பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பில் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறாள்!

“தப்பு உன் கையில இல்லடி. என் கையிலதான்.”

“சீவுனதைத் திரும்ப ஒட்டவா முடியும்?”

ஒட்ட முடியாது. ஆனால் இன்னும் சீவலாம். கூரான முன்விளிம்பை மழுக்கிவிட்டால் மண்ணுக்குள் போகாது. குறையும் எடைக்குப் பின்பக்கம் ஈயப் பட்டை ஒட்ட வேண்டும். மறுநாள் காலையில் இதைக் கேட்ட பட்டறை முதலாளி எகிறிக் குதித்தார். கண்காட்சிக்கு வைக்கிற மாதிரி இருக்கும் செட்டை இப்படியா குதறுவது, கொஞ்சம் தவறினாலும் அவள் வெறுங்கையோடுதான் போட்டிக்குப் போக வேண்டும், புதுசுக்கு இரண்டு வாரம் பொறுக்கலாமே என்றார். போட்டி பொறுக்காது என்று அண்ணி ஒற்றைக்காலில் நின்றாள்.

“பாக்க அசிங்கமா இருக்கும்,” என்று வாண்டுவிடம் மட்டும் சொன்னாள்.

“இருக்கட்டும் அண்ணி. நான் என்ன அதைக் கட்டிக்கவா போறேன்?”

அன்று முழுக்கச் சாணை நிற்கவில்லை. கூடுதலாக ஒரு தேய்ப்பு விழுந்தாலும் கதை முடிந்தது. விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, சூடேறினால் தண்ணீரில் முக்கி, மறுபடி பிடித்தாள். ஈயப் பட்டை ஒட்டி முடித்தபோது ஒவ்வொரு மட்டையும் மண்டையில் அடிபட்டுக் கட்டுப்போட்டவன் போல இருந்தது. பட்டறைக்குப் பின்னாலிருந்த புல்லில் வாண்டு ஒரே ஒருமுறை அடித்துப் பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, மட்டைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

போட்டியில் கடைசிக் குழி வரை இழுபறி. குளத்தைத் தாண்டி, ஈரப் புல்லிலிருந்து, குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் பந்தைப் போட வேண்டும். வாண்டு ஏழாம் நம்பரை உருவினாள். அடித்ததும் கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. அண்ணி மட்டும் தரையைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு, மெல்லிசாக, ஒரு துண்டுப் புல் கிடந்தது. மட்டை மண்ணுக்குள் போகவில்லை, அவளுக்கு அது போதும்.

கடைசித் தட்டலில் பந்தைக் குழிக்குள் சேர்த்துவிட்டு வாண்டு ஓடிவந்தாள்.

“ஜெயிச்சாச்சு அண்ணி! குளத்தைத் தாண்டி எப்படிப் போச்சு, பாத்தீங்கல்ல?”

அண்ணி பார்க்கவில்லை. அந்தப் புல் துண்டைக் கையில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.