550இல் நின்றவன்

இரத்தினசிங்கத்துக்குச் சிகரெட் இல்லை, சாராயம் இல்லை. இருந்த ஒரே கெட்ட பழக்கம், கொம்பியூட்டரை அதன் பாட்டில் ஓட விடாததுதான். 366 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடவென்று செய்த புரொசசரை 550க்கு ஏற்றிப் பார்க்காவிட்டால் ஆளுக்குச் சோறு இறங்காது. திருகோணமலை உட்துறைமுகத்துக்கு எதிர் ஒழுங்கையில் கலியாண வீடியோ வெட்டி ஒட்டும் கடை அவனுடையது. கரண்ட் எப்போது போகும், ஊரடங்கு எப்போது வரும் என்று தெரியாத காலத்தில் அந்த அவசரத்தைக் குறை சொல்லவும் முடியாது.

ஒரு படி கூட்டுவான், ஒரு படத்தை முழுக்க ஓட விடுவான், பிழை வந்தால் ஒரு படி இறக்குவான். அன்று 550இல் பிழை வந்தது. பெட்டியைத் திறந்து மேசை ஃபானைத் திருப்பி வைத்தும் திரையெல்லாம் பச்சைக் கட்டங்கள். ஓடிக்கொண்டிருந்தது போன மாதம் நடந்த லிங்கநகர் இராசமலரின் கலியாணப் படம். அதை வாங்கிப்போக வந்த தாய் தங்கரத்தினம் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

பச்சைக் கட்டங்களுக்குள், மணவறைக்குப் பின்னால், ஒருவன் நின்றான்.

"நிப்பாட்டுங்கோ தம்பி," என்றாள் தங்கரத்தினம். "அது என்ரை மூத்தவன்."

மூத்தவன் சின்னராசாவைத் துறைமுகத்தடிச் சோதனைச் சாவடியில் படையினர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் மூன்று வருடம். செத்தவனுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடி என்று சொந்தக்காரர் எல்லாரும் சொல்லிக் களைத்துவிட்டார்கள். அந்தக் கிரியை செய்கிற கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கவில்லை. பிள்ளை இருக்கிறான் என்பாள், அவ்வளவுதான்.

இரத்தினசிங்கம் மூல கசெட்டைப் போட்டுக் காட்டினான். மணவறைக்குப் பின்னால் யாருமில்லை. வேகத்தை 458க்கு இறக்கி ஓட்டினான். கட்டங்களும் இல்லை, சின்னராசாவும் இல்லை.

"இதுதானம்மா சரியான வேகம். மற்றதிலை மெசினுக்குக் கணக்குப் பிழைக்குது. இல்லாததைக் காட்டுது."

"ஆமிக் காம்பிலை கேட்டன், அப்பிடி ஒரு ஆள் இல்லையெண்டாங்கள். அரசாங்கக் கச்சேரியிலை கேட்டன், பேர் இல்லையெண்டாங்கள். ஆர் தம்பி எனக்குச் சரியாக் கணக்குச் சொன்னது? இது ஒண்டுதான் அவன் நிக்கிறான் எண்டு சொல்லுது. ஏத்துங்கோ."

ஏலாது என்று சொல்லியிருக்க வேண்டும். திரும்பவும் 550 வைத்து, வோல்டேஜையும் கொஞ்சம் கூட்டினான். கூட்டினால் மெசின் நிதானப்படும், பிழைகள் மறையும், அவளும் ஆறிப்போவாள் என்பது அவன் எண்ணம்.

பச்சைக் கட்டங்கள் மறைந்தன. சின்னராசா மறையவில்லை. முன்பைவிடத் தெளிவாக, கோடு போட்ட சேட்டோடு நின்றான். மணமக்களுக்கு அரிசி தூவ வந்தவர்கள் ஒவ்வொருவராக அவனைச் சுற்றி விலகிப் போனார்கள். இரத்தினசிங்கம் அந்தப் படத்தை எத்தனையோ தரம் வெட்டி ஒட்டியவன். அந்த விலகலை இதுவரை கவனித்ததில்லை.

"சேட்டு உடம்போடை ஒட்டியிருக்கு," என்றாள் அவள். "என்னத்துக்குத் தம்பி?"

சின்னராசாவின் தலைமயிரில் இருந்து தண்ணீர் சொட்டியது. தோளில் கரும்பச்சையாகக் கடற்பாசி. புரொசசரின் சூட்டு மணத்துக்கு மேலாகக் கடையெல்லாம் உப்பு மணத்தது.

தங்கரத்தினம் எழுந்துபோய்ச் சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள், குளித்துவிட்டு வந்த பிள்ளைக்குத் தலை துவட்டுவது போல. பிறகு தலைப்பைக் கையில் பிடித்துப் பார்த்தாள். அது நனைந்திருந்தது. இரத்தினசிங்கமும் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது என்று பின்னர் பலநாள் நினைத்தான்.

"போதும்," என்றாள். "இறக்கி விடுங்கோ."

458இல் படம் ஒரு தடக்கலுமில்லாமல் கடைசிவரை ஓடியது. மணவறைக்குப் பின்னால் திரைச்சீலை மட்டும் காற்றில் ஆடியது. அவள் முழுவதையும் இருந்து பார்த்தாள். கசெட்டைக் கையில் கொடுத்தபோது கேட்டாள்.

"தம்பி, கன்னியாவுக்குப் போக இப்ப பாதை விடுறாங்களோ?"