வெள்ளைச் சட்டைக்காரர்கள் முந்திக்கொண்ட மதியம்

அந்தக் கருத்தடை மாத்திரைத் தொழிற்சாலையில் காற்றுக்கே கொஞ்சம் மயக்கம் உண்டு. அங்கே வளர்ந்த பூனை ஒன்பது வருஷமாகக் குட்டியே போடவில்லை. மருந்துத் தூளின் மகிமை என்று எல்லாரும் வாய்பிளந்தார்கள். அது கடுவன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

கண்ணாடியக்காவுக்கு மாத்திரை அட்டை பார்க்கும் வேலை. அட்டைக்கு மூன்று வரிசை மஞ்சள், ஒரு வரிசை வெள்ளை, வரிசைக்கு ஏழு. மஞ்சளில் இரண்டு ஹார்மோன்கள். கடைசி வாரத்துக்கான வெள்ளையில் ஒன்றுமில்லை, வெறும் சர்க்கரை. உடைசல் இருக்கிறதா, குழி காலியா என்று முன்பக்கம் மட்டும் பார்ப்பாள். நாள் எண் அச்சடித்த பின்பக்கத்தை யாரும் திருப்புவதில்லை. அது இயந்திரத்தின் பாடு.

தூங்கி விழுந்ததற்கு மூன்று முறை எழுத்தில் எச்சரிக்கை வாங்கியாயிற்று. நான்காவது என்றால் வேலை போய்விடும். அன்று சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தவளுக்குக் கண் சொக்கியது.

கனவில் ஒரு நீளமான தெரு. வீட்டுக்கு வீடு ஒரு கருமுட்டை தூங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாகத் தெருமுனையில் மஞ்சள் சட்டைக்காரர் இருவர் நிற்பார்கள்: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின். குடுவையில் பிறந்தவர்கள்தான், ஆனாலும் உடம்பின் குரலிலேயே பேசுவார்கள். “ஏற்கெனவே ஆள் வந்தாச்சும்மா, நீ தூங்கு” என்பார்கள். முட்டையும் புரண்டு படுத்துவிடும்.

இன்று அவர்களைக் காணோம். வெள்ளைச் சட்டை போட்ட ஏழு பேர் வெறுங்கையோடு நின்றார்கள். ஒரு முட்டை ஜன்னலைத் திறந்தது.

“மஞ்சச் சட்டைக்காரங்க எங்கே?”

“பின்னால வர்றாங்க. ஒண்ணாம் நம்பர் எங்களுக்குத்தான் குடுத்திருக்காங்க.”

முட்டை செருப்பைத் தேடியது.

விழித்தபோது சூப்பர்வைசர் எதிரில் நின்றான். முற்றத்தில் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

“என்னக்கா, கண்ணு எரிச்சலா?” தப்பிக்க அவனே ஒரு வழி காட்டினான்.

“இல்ல தம்பி, தூங்கிட்டேன். லாரிய நிறுத்து.”

“ஏன், மிச்சத் தூக்கத்த அதுல தூங்கப்போறீங்களா?”

அவள் கையிலிருந்த அட்டையைத் திருப்பினாள். வெள்ளை மாத்திரையின் முதுகில் ‘1’. அடுத்த அட்டையிலும் அதே. சாப்பாட்டுக்கு முன் மாற்றிய, எண் அச்சடித்த பின்பக்கத் தகடுச் சுருளைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். எண்ணை நம்பி விழுங்குகிறவர்களுக்கு முதல் வாரம் முழுக்கச் சர்க்கரைதான்.

சூப்பர்வைசர் லாரிக்கு முன்னால் போய்ப் படுத்தே விட்டான் என்கிறார்கள். படுக்கவில்லை, உட்கார்ந்தான்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அறிக்கையில எழுதணும்” என்றார் மேனேஜர். வேலைநீக்கக் கடிதமும் மேஜைமேல் தயாராக இருந்தது.

“தூங்கித்தான் சார்.”

மேனேஜர் பேனாவை மூடினார், திறந்தார். ‘இரண்டாம் கட்டப் பரிசோதனையில்’ என்று எழுதினார். கடிதத்தை மடித்து ஆடும் மேஜைக்காலுக்கு முட்டுக்கொடுத்தார்.

இப்போது மதியத்தில் அவளுக்கென்று ஒரு சாய்வு நாற்காலி போடுகிறார்கள். அட்டைகளைத் திருப்பிப் பார்க்கவும் தனி ஆள் வைத்தாயிற்று. சூப்பர்வைசர் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறான்.

“ஏதாச்சும் தெரிஞ்சுதாக்கா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“எங்க தம்பி, பொறுப்பு கூடினதுலேர்ந்து பொட்டுத் தூக்கம் வரமாட்டேங்குது.”