பெரிய கிராணியின் பொறாமை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்த பேசில், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் வாசலில் சந்திரகலா வந்து நின்றாள். பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கும் வேலாயுதத்தின் மனைவி. கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். பேசில் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "கொடும்மா, பாப்போம்" என்று கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. "இல்லீங்க ஐயா, இது ஜப்பான் எழுத்து. மாரிஸ் தம்பி இருக்குதா?"

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பேசில் கண்ணாடியை மறுபடி துடைத்தார். அதற்குள் உள்ளிருந்து மகன் மாரிஸ் வந்துவிட்டான். காகிதத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்தான். "ஒன்னும் பயமில்லக்கா, ரேஷன் அட்டையில பேரு மாத்தணும்னு எழுதியிருக்கு. நாளைக்கு நானே பாத்துக்கிறேன்" என்றான். அவள் கண்கலங்கிக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு இத்தனை வருஷம் யாருக்கு வந்துகொண்டிருந்தது என்பது பேசிலுக்குத்தான் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் யாருக்கு இங்கிலீஷில் ஒரு கடுதாசி வந்தாலும், இருபத்திரண்டு வருஷமாக அது பேசிலின் வீட்டுக்குத்தான் முதலில் வரும். லீவு விண்ணப்பம், அபராதத்தைக் குறைக்கச் சொல்லி மனு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடம் கேட்டுக் கடிதம், எல்லாம் அவர் கையெழுத்துதான். ஒருவரிடமும் கூலி வாங்கியதில்லை. பார்சல் ஆபீசில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. தெருவில் அவர் வந்தால் மடித்துக் கட்டிய கைலிகள் தானாக இறங்கும். அது போதும் அவருக்கு.

யுத்தத்தில் வெள்ளைக்காரனை விரட்டி, மலாய் நாட்டைப் பிடிக்க ஜப்பான்காரன் வந்தான். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தான். ஸ்டேஷன் பலகைகளை மாற்றினான். இங்கிலீஷ் ஒரே வாரத்தில் செத்துப்போயிற்று. பேசிலுக்கு ஐம்பத்து மூன்று வயது. கட்டாய வகுப்பில் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து, படம் ஒட்டிய அட்டையைப் பார்த்து நாய், பூனை, எலி என்று ஜப்பானில் சொல்லப் பழகினார். அதற்குமேல் ஏறவில்லை. இருபத்து மூன்று வயது மாரிஸ் எட்டே மாதத்தில் எழுதவும் பேசவும் கற்றுக்கொண்டான். அவனை ஆபீசில் மொழிபெயர்ப்பாளனாக வைத்தார்கள். பெரிய கிராணியைப் பார்சல்களில் சீட்டு ஒட்ட வைத்தார்கள்.

அப்பன் என்றால் பெருமைப்பட வேண்டும். பேசிலும் வெளியில் பெருமைதான் பட்டார். "என் ரத்தமாச்சே" என்று நாலு பேரிடம் சொன்னார். வீட்டுக்குள் அது வேறு மாதிரி இருந்தது. மாரிஸ் கொண்டுவரும் அரிசியில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. மற்ற வீடுகளில் மரவள்ளிக்கிழங்கு. அவர் மனைவி மகதலேனா மீன் குழம்பு வைத்தால் தலைத் துண்டு இப்போது மகன் தட்டுக்குப் போயிற்று. அவள் அதை யோசித்துச் செய்யவில்லை. ஆனால் பேசில் அதைக் கவனித்தார். ஒரு நாள் மாரிஸ் சீனி கொண்டுவந்தான். "எனக்கு வேணாம், கசப்புக் காப்பியே பழகிருச்சி" என்றார். மகன் வேலைக்குப் போனபின் டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, தன்மேலேயே ஆத்திரம் கொண்டார்.

1943 ஏப்ரலில் அந்தச் சம்பவம் நடந்தது. அதிகாரிகளுக்கென வந்த அரிசி மூட்டைகளில் ஒன்று எடை குறைந்திருந்தது. ஜப்பானிய அதிகாரி மாரிஸைக் கூட்டிக்கொண்டு பார்சல் ஆபீசுக்கு வந்து, மூட்டை தூக்கியவன் யார் என்று கேட்டான். வேலாயுதம் முன்னால் வந்தான். கும்பிட்டுக்கொண்டே, "நான்தான் எடுத்தேன் தம்பி. பச்சப்புள்ளக்காரி வீட்ல பட்டினி. ரெண்டு சுண்டு அரிசிதான்" என்று தமிழில் சொல்லிவிட்டான்.

மாரிஸ் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அதிகாரியைப் பார்த்துக் குனிந்து, சரளமாக நாலு வாக்கியம் சொன்னான். அதில் 'நெசுமி' என்ற சொல் பேசிலின் காதில் விழுந்தது. எலி. அட்டையில் படம் போட்டிருந்த எலி. அதிகாரி மூட்டையை உதைத்துப் பார்த்துவிட்டு, பூனை வளர்க்கச் சொல்லிப் போய்விட்டான்.

மகன் ஓர் உயிரைக் காப்பாற்றினான் என்பது பேசிலுக்கு அந்த நிமிஷமே புரிந்தது. வேலாயுதம் அன்று மாலை மாரிஸின் கையைப் பிடித்து அழுததையும் பார்த்தார். "இங்க இருக்காதீங்கண்ணே, டெங்கில் ரப்பர் தோட்டத்துப் பக்கம் போயிருங்க" என்று மாரிஸ் சொன்னதையும் கேட்டார். ஒரு வாரத்துக்குள் அந்தக் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் போயிற்று. குடியிருப்பு முழுக்க மாரிஸின் பேச்சுத்தான். "பெத்தா இப்படிப் பெக்கணும்" என்று மகதலேனாவிடம் பெண்கள் சொன்னார்கள். பெற்றதில் தனக்குப் பங்கில்லையா என்று பேசிலுக்குத் தோன்றியது.

சக கிராணி ஜெயராஜ் ஜப்பான் வகுப்பில் மாரிஸோடு படித்தவன்; மொழிபெயர்ப்பாளன் வேலை தனக்குக் கிடைக்கவில்லை என்று புழுங்கிக்கொண்டிருந்தவன். ஒரு நாள் ஆபீசுக்குப் பின்னால் வறுத்த சோளக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவன், "உங்க மகன் பேசற ஜப்பான், ஜப்பான்காரனே அசந்து போறான்லா" என்றான்.

பேசில் சிரித்தார். "கிழிச்சான். அன்னிக்கு வேலாயுதம் ஒன்னு சொன்னான், இவன் ஒன்னு சொன்னான். அவன் அரிசிய எடுத்தேன்னு சொல்றான், இவன் எலிங்கிறான். பாதி தெரியாது அவனுக்கு. சும்மா அடிச்சி விடறான்."

சொல்லும்போது இனித்தது. சொல்லி முடித்துக் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஜெயராஜைப் பார்த்தார். இவனிடம் சொன்னால் எங்கே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். மகனைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அந்தத் தெரிதலைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாள் ஜப்பான்காரர்கள் மாரிஸை ஆபீஸ் முற்றத்தில் நிற்க வைத்து, எல்லோரும் பார்க்க அடித்தார்கள். உதடு கிழிந்தது, ஒரு பல் போயிற்று. சயாம் காட்டில் தண்டவாளம் போடக் கூலிகளைக் கொண்டுபோகும் அடுத்த ரயிலில் அவன் பெயரைச் சேர்த்தார்கள். ஜெயராஜ் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

பிளாட்பாரத்தில் மகதலேனா மகனின் கையை விடாமல் அழுதாள். பேசில் பக்கத்தில் நின்றார். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. மாரிஸ் வீங்கிய முகத்தோடு அவரையே பார்த்தான், எதற்கோ காத்திருப்பதுபோல.

"சட்டப் பொத்தானப் போடு. காத்து அடிக்கும்" என்றார் பேசில்.

மாரிஸ் பொத்தானைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினான்.

இரண்டு வருஷம் எந்தச் செய்தியும் வரவில்லை. சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன், அங்கே மனிதர்கள் ஈயைப்போல் சாகிறார்கள் என்றான். ஜெபமாலை சொல்லும்போது குடியிருப்பே மாரிஸின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டது. "அந்தப் புண்ணியவான்" என்றார்கள். அப்போதும், அந்த நிலையிலும், பேசிலின் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று குத்தியது. செத்தானோ இருக்கிறானோ தெரியாத பிள்ளைமேல் பொறாமை! தன்னைத் தானே பார்த்து அவர் அன்று பயந்துபோனார்.

மறுநாள் மத்தியானம் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னார். சாமியார் கடைசிவரை கேட்டார். பிறகு, "ஆண்டவர்கிட்டச் சொல்லிட்டீங்க. மகன் வந்ததும் அவன்கிட்டயும் சொல்லணும்" என்றார். "சொல்றேன் சாமி" என்று பேசில் உடனே ஒத்துக்கொண்டார். கோயில் படி இறங்கும்போதுதான், அவ்வளவு சுலபமாக எப்படி ஒத்துக்கொண்டோம் என்று யோசித்தார். மகன் வரமாட்டான் என்று மனத்தின் ஒரு மூலை நம்பியிருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாரிஸ் வந்தான். ஜப்பான்காரன் தோற்று, வெள்ளைக்காரன் திரும்பி, 1945 நவம்பர் முதல் வாரத்தில் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றான். இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும் புண். மகதலேனாவுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை.

பேசில் தன் கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். தினமும் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். அழுக்குத் துணியைத் தன் கையால் வேகவைத்துக் காயப்போட்டார். மருந்துக்காகக் காலையில் நடந்துபோய் வரிசையில் நின்றார். மறுபடி பெரிய கிராணியாகிவிட்ட மனிதர், ஆபீசுக்குத் தாமதமாகப் போனார்.

"நீங்க இதெல்லாம் செய்ற ஆளில்லையே" என்றாள் மகதலேனா.

அவர் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். மாரிஸ் காலை நீட்டிக்கொடுப்பான். அப்பாவின் முகத்தைப் பார்க்கமாட்டான். எல்லாம் செய்தார் பேசில். வாயைத் திறப்பதைத் தவிர.

மாத முடிவில் ஒரு மாலை, வேலாயுதமும் சந்திரகலாவும் டெங்கிலிலிருந்து வந்தார்கள். அரிசிக்காக அன்று அழுத குழந்தை இப்போது நடந்து வந்தது. ஒரு கூடை சர்க்கரைவள்ளிக் கிழங்கை மாரிஸின் காலடியில் வைத்துவிட்டு வேலாயுதம் விம்மினான். குடியிருப்பு ஆண்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பேச்சு ஜெயராஜ் பக்கம் திரும்பியது.

"அவன் ரவாங்ல அக்கா வீட்டுல பதுங்கிக் கிடக்கிறானாம்" என்றார் ஒருவர். "நாளைக்கு லோரி கிடைக்குது. போய்க் கையக் கால ஒடிச்சிட்டு வந்துருவோம். காட்டிக் கொடுத்த பய."

"விடுங்கண்ணே" என்றான் மாரிஸ். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சும்மா இரு தம்பி. உனக்கு நல்ல மனசு. எங்களுக்குக் கிடையாது. கம்பெல்லாம் தயாரா இருக்கு" என்றான் வேலாயுதம்.

பேசில் எழுந்தார். எழுந்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயராஜ்கிட்டச் சொன்னது நான்."

யாருக்கும் புரியவில்லை. "என்னங்க ஐயா?" என்றான் வேலாயுதம்.

"எலின்னு இவன் மாத்திச் சொன்னத அவன்கிட்டச் சொன்னது நான். அவன் போய் மேல சொன்னான். அடிக்கிறதுன்னா என்னையும் சேத்து அடிங்க."

"ஏங்கய்யா?" என்றாள் சந்திரகலா. கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"எல்லாரும் இவன்கிட்ட வந்தீங்க. என்னால தாங்க முடியல."

மகதலேனா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழுந்து போனார்கள். வேலாயுதம் கடைசியாகப் போனான். பேசிலிடம் விடைபெறவில்லை.

அப்பாவும் மகனும் மட்டும் மிஞ்சினார்கள்.

"எனக்குத் தெரியும்பா" என்றான் மாரிஸ்.

"எப்பலேர்ந்து?"

"அடிக்கும்போதே அதிகாரி சொன்னான், உன் அப்பனே சொல்லியிருக்கான்னு."

"அப்ப பிளாட்பாரத்துல..."

"தெரியும். நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். பொத்தானப் போடச் சொன்னீங்க."

பேசில் தரையில், மகன் கால்மாட்டில் உட்கார்ந்தார். "ரெண்டு வருசமா வாய்க்குள்ளேயே வச்சிருந்தேன்யா. பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டா, அப்புறம் நான் உனக்கு யாருன்னு பயம். அப்பாங்கிறது ஒன்னுதான் என்கிட்ட மிச்சம் இருந்துச்சி. தப்புப் பண்ணிட்டேன் மாரிஸ். என்னை மன்னிச்சிரு."

மாரிஸ் கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அடுப்படியில் மகதலேனா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்கிட்டயும் ஒன்னு இருக்குப்பா" என்றான் கடைசியில். "அவங்க உங்களத் தாண்டி என்கிட்ட வந்தப்ப எனக்குச் சந்தோசமா இருந்திச்சி. உங்க மூஞ்சி சுருங்குறது தெரியும். தெரிஞ்சும், கொஞ்சம் சத்தமாவே படிச்சிக் காட்டுவேன்."

பேசில் தலையாட்டினார்.

"அதனால எல்லாம் சரியாயிருச்சின்னு இல்ல. அங்க என் கையால நாப்பது பேரப் பொதச்சேன். ஒவ்வொரு குழி தோண்டும்போதும் உங்கள நெனச்சேன். நல்லபடியா இல்ல. இன்னும் கோவம் போகல."

"இருக்கட்டும். போகணும்னு நான் கேக்கல."

ரவாங்குக்கு லோரி போகவில்லை. மகதலேனா இரண்டு வாரம் கணவனோடு பேசவில்லை. சோற்றை மட்டும் முன்னால் வைப்பாள். மாரிஸ் புண் ஓரளவு ஆறியதும், கிள்ளானில் யூனுஸ் என்பவரின் லோரிப் பட்டறையில் வேலை கிடைத்து, அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டான். அப்பாவிடம் "வரேன்" என்று ஒரு சொல். கிறிஸ்துமசுக்கு வரவில்லை.

டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை பேசில் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனார். வரச்சொல்லி யாரும் எழுதவில்லை. மகதலேனா மகனுக்கென்று ஒரு பொட்டலம் முறுக்கை அவர் கையில் வைத்திருந்தாள்.

பட்டறை வாசலில் யூனுஸ் அவரை வரவேற்று உட்கார வைத்தார். "மாரிஸோட அத்தாவா? வாங்க வாங்க. உங்க மவன் வந்தப்புறந்தான் எங்க லோரி நேரத்துக்குப் போவுது. சீனன்கிட்ட ஒரு பேச்சு, மலாய்க்காரன்கிட்ட ஒரு பேச்சு, வெள்ளக்காரன்கிட்ட ஒரு பேச்சு. அந்தப் பக்கம் மேரு ஊர் வரைக்கும் இந்தப் புள்ளயக் கேக்காம ஒருத்தனும் சரக்கு ஏத்துறதில்ல. இப்படி ஒரு மூளைய நான் பாத்ததே இல்ல."

குத்தியது. அதே இடம், அதே குத்து. சாகும்வரை அது போகாது என்று பேசிலுக்கு அப்போது புரிந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

"ஆமாங்க. சின்னதிலேயே கெட்டிக்காரன். எனக்கு எட்டாததெல்லாம் அவனுக்கு எட்டும்."

கதவருகே கம்பை ஊன்றி நின்ற மாரிஸ் அதைக் கேட்டான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் நேராக அப்பாவின் கண்ணைப் பார்த்தான்.

"சாப்டீங்களாப்பா?"

"இன்னும் இல்ல."

"வாங்க, பக்கத்துல கடை இருக்கு." இரண்டு அடி நடந்துவிட்டு நின்றான். "எப்பத் திரும்பணும்?"

"அஞ்சு மணி ரயிலு."

மாரிஸ் கொஞ்சம் யோசித்தான்.

"ஏழரைக்கு ஒன்னு இருக்கு" என்றான்.