மூன்றாம் தர வானம்

திருத்தணி பக்கம், கே.ஜி.கண்டிகைக்கு அருகில் இருந்த அந்தத் தனியார் கல்லூரியின் வாசலில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள்: "உலகின் மாபெரும் தொலைநோக்கி எங்கள் கையில்!" முதல்வர் பஞ்சாட்சரம் அதில் தொலைநோக்கியைவிடப் பெரிதாக இருந்தார். விண்ணப்பித்து நேரம் வாங்கிய இயற்பியல் ஆசிரியை அனுராதா ஸ்டாம்பு அளவில், அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில்.

'கையில்' என்பது கொஞ்சம் அதிகம். தொலைநோக்கி சிலி நாட்டு மலை ஒன்றில் இருந்தது. ஆயிரம் பேர் கேட்ட இரவுகளை ஒரு கமிட்டி தரம் பிரித்துப் பங்கிட்டதில், அனுராதாவுக்கு மூன்றாம் தரம், நாற்பது நிமிடம். அதுவும் மெல்லிய மேகம் படர்ந்து, முதல் இரண்டு தரத்தாரும் வேண்டாமென்று ஒதுங்கினால்தான். அவளுடையது பிரகாசமான இரட்டை நட்சத்திரம், லேசான மேகத்தைத் தாங்கும். ஒன்று மற்றதை மறைப்பது இன்றோடு முடிகிறது. அடுத்த மறைப்பு பதினோரு வருடம் கழித்து. அப்போது அவள் ஓய்வு பெற்றிருப்பாள்.

அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. இங்கே காலை பத்து மணி. முதல்வர் சால்வையோடும் இரண்டு நிருபர்களோடும் ஆய்வகத்துக்கு வந்தார். கணினித் திரையில் 'காத்திருப்பு' என்றிருந்தது.

"எப்பம்மா நம்ம டர்னு?"

"மேகம் வரணும் சார்."

"மேகம் வந்தா மூடிட மாட்டானா?"

"திரண்டு வந்தா மூடுவாங்க. லேசா வந்தா நமக்குத் தருவாங்க சார்."

பஞ்சாட்சரம் யோசித்தார். "மலைமேல விஐபிங்கல்லாம் போனப்பறம் தர்ம தரிசனத்த விடுவாங்களே, அந்த மாதிரியா?"

"ஆங் சார்."

ஒரு நிருபர் சிரித்துவிட்டார். முதல்வருக்கு தர்ம தரிசன வரிசையில் நின்று பழக்கமில்லை. "வந்தா போன் பண்ணும்மா" என்று நிருபர்களோடு கிளம்பினார். மீட்டிங் இருந்ததாம். சால்வையையும் மறக்காமல் எடுத்துப் போனார்.

அனுராதா தனியாக உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கொளுத்தும் வெயில். திருத்தணி வானத்தில் ஒரு பிசிறுகூட இல்லை. முகம் தெரியாத யாருடைய நல்ல இரவோ கெட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது.

பதினொன்றரைக்கு மேகம் வந்தது. வரிசையில் அவள் எண் மேலே ஏறியது. நாற்பது நிமிடமும் முழுசாகக் கிடைத்தது. 'முடிந்தது' என்றது திரை.

முதல்வர் போனை எடுக்கவில்லை. அடுத்துக் கூப்பிட்டபோது அரக்கோணத்துத் தங்கை எடுத்தாள். "அக்கா, அடுப்புல வெச்சிகினு இருக்கேன், அப்பறமா பேசறேன்."

தொலைநோக்கி நிலையத்துக்கு நன்றி எழுதி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: 'இது தானியங்கிப் பதில். இந்த முகவரிக்கு வரும் கடிதங்களை யாரும் படிப்பதில்லை.'

இரண்டு தடவை படித்தாள். பிறகு தன் நட்சத்திரத்தைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதி, அதே முகவரிக்கு அனுப்பினாள்.

அதற்கும் உடனே பதில் வந்தது.